ஆர்கன் சொன்ன தடை

இதை எனக்கு முதன்முதல் சொன்னது என் நாத்தனார் லில்லிபுஷ்பம். என் மூத்தவளுக்கு எங்கள் வேதக்கோயிலில் முதல் ஓலை வாசித்த வாரம் அது. பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தோம். சல்லடையைத் தட்டுவதை நிறுத்திவிட்டுத்தான் சொன்னாள். அவள் சொன்னது போலவே சொல்லப் பார்க்கிறேன்.

தேரிக்காட்டுச் செம்மணலுக்கு நடுவே கிருபைவிளை என்று ஒரு ஊர். அந்த ஊர்க் கோயிலுக்கு ஆர்கன் வந்தது கப்பலில். வெள்ளைக்காரத் துரை ஒருவர் தன் தேசத்துக்கு எழுதிப் போட்டு, அங்கே யாரோ முகம் தெரியாத கிழவிகள் கம்பளி பின்னி விற்று அனுப்பிவைத்த ஆர்கன் அது. இருபத்திரண்டு பெட்டிகளாகத் தூத்துக்குடியில் இறங்கி, பதினேழு மாட்டுவண்டிகளில் ஏறி, தேரி மணலில் சக்கரம் அச்சுவரை புதைந்தபோது ஊர் ஆண்களெல்லாம் பனையோலைப் பாய்களை முன்னால் விரித்து, வண்டி தாண்டியதும் பின்னால் கிடந்த பாயை உருவி மறுபடி முன்னால் விரித்து, அப்படியே ஆறு மைல் கொண்டுவந்து சேர்த்தார்கள். பெரியது பனைமரம் உசரத்துக்கும் சின்னது கண்மைக் குச்சி அளவுக்குமாக அறுநூற்றுப் பதினோரு குழல்கள். ஒவ்வொரு குழலையும் கைக்குழந்தையைத் தூக்குவது போல ஒவ்வொரு வீட்டார் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போனதால், "எங்க வீட்டுக் குழல்", "உங்க வீட்டுக் குழல்" என்று அந்த ஊரில் வெகுகாலம் பேச்சு இருந்தது. சீமைத் தோலை எலி தின்றுவிட்டது என்று துருத்திக்கு உள்ளூர் வெள்ளாட்டுத் தோலைப் போட்டு ஒட்டினார்கள். அதிலிருந்து மழைக்கால ஞாயிறுகளில் ஸ்தோத்திரப் பாட்டின் கடைசியில் லேசாக ஒரு ஆடு கனைக்கும். யாரும் சிரிக்கமாட்டார்கள். பழகிவிட்டது.

துருத்தியைக் காலால் மிதிக்கிற ஆர்கன் அல்ல அது. பின்பக்கம் மரத்தட்டி மறைப்புக்குள் ஒரு ஆள் நின்று, நீளமான கைப்பிடியை மேலும் கீழும் அடிக்கவேண்டும். அடிக்க அடிக்கக் காற்றுப்பெட்டி நிறையும். எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்ட ஒரு நூலில் ஈயக்குண்டு தொங்கும். குண்டு சிவப்புக் கோட்டைத் தொட்டால் பெட்டி நிறைந்தது. பெட்டி நிறைந்தபின் கைப்பிடியை விட்டாலும், நாற்பது எண்ணுகிறவரை ஆர்கன் பாடும். இந்த நாற்பதை மறக்காதீர்கள்.

அந்தக் கைப்பிடியை முதலில் வேதமுத்து அடித்தார். நெஞ்சு இளைத்துப்போனபின் அவருடைய மூத்த மகள் ஜெபக்கனி அடித்தாள். அம்மா இல்லாத வீடு. ஜெபக்கனிக்கு முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை, தேடவும் யாரும் இல்லை. தங்கச்சி பெர்சியாளை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். கிணற்றில் இறைத்தும் துருத்தி அடித்தும் அவள் கை உலக்கை போல இருக்கும். அந்தக் கையால்தான் பெர்சியாளுக்குப் பேன் பார்த்து, சடை பின்னி, பத்தொன்பது வயதுவரை ஒரு பூவைப்போல வைத்திருந்தாள்.

பெர்சியாளைப் பெண் கேட்டு வந்தது மனாசே முதலாளி வீடு. கொழும்பில் கடை வைத்திருக்கிற குடும்பம், சபைக்கு மூப்பர். மூத்த மகன் எப்பிராயீமுக்கு. வேதமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் ஓலை வாசித்தாயிற்று, இரண்டாம் ஓலை வாசித்தாயிற்று. அந்தக் காலத்தில் பனையோலையில் எழுதி வாசித்ததால் ஓலை. காகிதம் வந்தபிறகும் பெயர் போகவில்லை. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் என்று மூன்று ஞாயிறு சபை முன்னால் வாசித்து, யாருக்காவது தடை தெரியுமா, தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள் என்று பாதிரியார் ஐயர் கேட்பார். யாரும் சொல்லமாட்டார்கள். எந்த ஊரிலும் சொன்னதில்லை. கேட்பதும் பேசாமலிருப்பதும் ஒரு வழக்கம், அவ்வளவுதான்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் தபால்காரர் ஜெபக்கனி பெயருக்கு ஒரு உறை கொண்டுவந்தார். கொழும்பு முத்திரை. உள்ளே கதரீனாள் என்ற ஒரு பெண் எழுதின நாலு வரியும், ஒரு குழந்தையின் ஞானஸ்நானச் சீட்டும் இருந்தன. தகப்பன் பெயர், எப்பிராயீம் மனாசே. தொழில், வியாபாரம். சொந்த ஊர், கிருபைவிளை.

ஜெபக்கனி அதை அப்பாவிடம் காட்டினாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு அவளிடமே நீட்டினார்.

"அடுப்புல போடு."

"யப்பா, கோயில் முத்திரை போட்ட சீட்டு இது. தாலி கட்டுன பொண்டாட்டி அங்க இருக்கா, பிள்ளை இருக்கு."

"கொழும்பு எங்க இருக்கு, நம்ம ஊரு எங்க இருக்கு? நடுவுல கடல் கிடக்குல்லா?"

"கடல் கிடந்தா? இவளை அங்கதானே கூட்டிட்டுப் போவான்!"

"ரெண்டு ஓலை வாசிச்சாச்சு ஏட்டி. இனி நிறுத்தினா இவளை எவன் கட்டுவான்? உன்னைப் போல துருத்தி அடிக்கவா விடச் சொல்லுதே?"

அவள் ஐயரிடம் போனாள். ஐயருக்கு எழுபது வயது, காது மந்தம், மனது நல்ல மனது. சீட்டைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கு சபை கேக்கச் சொல்லு அம்மா. நான் கேக்கிறப்போ நீ வாயைத் திறந்து சொல்லணும், அதுதான் முறை. சொல்லிட்டா நிறுத்திருவேன்," என்றார். மந்தக் காதுக்காரர் மெதுவாகப் பேசுவாரா? வாசலில் சருகு கூட்டிக்கொண்டிருந்த, கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளை காதில் அது விழுந்து, அங்கிருந்து மனாசே முதலாளி காதுக்கு, சாயங்காலக் காப்பி ஆறுமுன் போய்விட்டது. முதலாளி ஆர்கன் வாசிக்கிற சற்குணம் வாத்தியாரைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். வாத்தியாருக்குப் பள்ளிக்கூட வேலை வாங்கித் தந்தவர் முதலாளி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெர்சியாள் வெள்ளைச் சேலையில் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தாள். முதலாளியின் கடைக்குட்டி, ஒன்பது வயசுத் திரிபேனாள், அவள் சடையில் பிச்சிப்பூவைச் சொருகிக்கொண்டிருந்தாள். ஜெபக்கனி தட்டிக்குப் பின்னால் நின்று, மடியில் சீட்டை வைத்துக்கொண்டு, எல்லா ஞாயிறும் செய்வது போலவே, ஓலை வாசிக்கும் முன் பெட்டியை நிறைத்தாள். நடுவில் துருத்தி கிரீச்சிடக்கூடாது என்பதற்காக ஓலைக்கு முன் ஈயக்குண்டு கோட்டைத் தொட்டிருக்கவேண்டும் என்று அப்பா பழக்கியிருந்தார். மனது எங்கேயோ இருந்தாலும் கை தன் பழக்கத்தைச் செய்தது. குண்டு இறங்கி, சிவப்புக் கோட்டைத் தொட்டு நின்றது.

ஐயர் வாசித்தார். "...யாருக்காவது தடை தெரியுமானால்—"

"தடை இருக்கு!" என்று ஜெபக்கனி கத்தினாள்.

அதே நொடியில் சற்குணம் வாத்தியார் இரண்டு கையையும் கட்டைகள்மேல் போட்டார். அறுநூற்றுப் பதினோரு குழலும் ஒன்றாக வாய் திறந்தன. கோயில் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஜெபக்கனி கைப்பிடியை உதறிவிட்டாள். நான் அடிக்காவிட்டால் இது எப்படிப் பாடும் என்று நினைத்தாள். ஆனால் பெட்டி நிறைய அவள் அடித்த காற்று இருந்தது. அவள் கையால் அடித்த காற்றே அவள் வாயைப் பொத்தியது. பத்து எண்ணினாள், இருபது எண்ணினாள், தட்டியை விட்டு ஓடிவரப் பார்த்தாள், வெளியே கோயில்பிள்ளை தட்டியின் கதவைச் சாத்தி முதுகு கொடுத்து நின்றார். முப்பது. "தடை இருக்கு! அந்த மனுசனுக்குக் கொழும்புல பொண்டாட்டி இருக்கு, பிள்ளை இருக்கு!" என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள். அப்போது, அவள் விட்டுவிட்ட துருத்தி தன் பாரத்திலேயே ஒருமுறை விரிந்து, அவள் முகத்துக்கு நேரே இருந்த தோல் நாக்கைத் திறந்து, அந்தக் கத்தலை அப்படியே உள்ளே இழுத்து, நாக்கை மூடிக்கொண்டது. நாற்பது. ஆர்கன் ஓய்ந்தது. ஐயர் காதுக்குப் பின்னால் கை வைத்துச் சபையை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "ஒருவரும் இல்லை," என்று எழுதினார்.

ஜெபக்கனி மறுபடி வாயைத் திறந்தாள். தொண்டையில் ஒன்றும் இல்லை. வீசின காற்று நின்றுபோன பனங்காடு போல இருந்தது. அன்றிலிருந்து அவளுக்குக் குரல் இல்லை. அதிர்ச்சியில் போய்விட்டது என்று வைத்தியர் சொன்னார். எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடி ஐயரிடம் போனாள்; சபை முன்னால் வாயால் சொல்லாதது தடை ஆகாது என்று அவர் திருப்பித் தந்தார், பெர்சியாளிடம் காட்டவிடாமல் அப்பா குறுக்கே நின்றார்.

செவ்வாய்க்கிழமை கல்யாணம், வெள்ளிக்கிழமை கப்பல். பெர்சியாள் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "யக்கா, ஒரு வார்த்தை சொல்லேன், ஒரே ஒரு வார்த்தை," என்று அழுதாள். ஜெபக்கனி உலக்கைக் கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள்.

பதினோரு மாதத்தில் தந்தி வந்தது. பெர்சியாள் போய்விட்டாள், காய்ச்சல் என்றது. அதற்கும் பிறகு பெர்சியாளின் தகரப் பெட்டி வந்தது. அதற்குள் கதரீனாளின் இன்னொரு கடிதம் இருந்தது: "உங்கள் தங்கச்சியை அடுப்படியில் படுக்கவைத்தார்கள். என் பாயைக் கொடுத்தேன். கடைசியில் உங்களைத்தான் கூப்பிட்டாள்." ஜெபக்கனி பெட்டியை மூடினாள். வேதமுத்து அந்த வருஷக் கடைசியில் போய்ச் சேர்ந்தார். மகளிடம் மன்னிப்புக் கேட்டார் என்கிறார்கள். அவள் தலையை ஆட்டவும் இல்லை, அசைக்கவும் இல்லை.

துருத்திக்கு வேறு ஆள் வைத்தார்கள். ஜெபக்கனி பெண்கள் பாயில், பெர்சியாள் உட்கார்ந்த அதே இடத்தில், எல்லா ஞாயிறும் வந்து உட்கார்ந்தாள். பழி வாங்குவது ஆண்டவருடைய வேலை, மனுசருடைய வேலை அல்ல என்று ஐயர் பிரசங்கம் செய்தார். சரிதான், ஆனால் ஆண்டவருக்கும் கையில் ஒரு கருவி வேண்டுமே என்று அவள் ஆர்கனைப் பார்த்தபடி நினைத்தாள். அவளுடைய ஜெபம் சின்ன ஜெபம். என் சொல்லை வைத்திருக்கிறாயே, அதை வீணாக்கிவிடாதே.

மூன்றாம் வருஷம் மனாசே முதலாளியின் மூத்த மகள் சலோமிக்கு மூன்றாம் ஓலை. மாப்பிள்ளை தபாலாபீசில் குமாஸ்தா. ஐயர் தடை உண்டா என்று கேட்டார். துருத்திக்காரன் வெளியே வேப்பமரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். சற்குணம் வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஈயக்குண்டு உச்சியில் கிடந்தது, பெட்டி காலி. ஆர்கன் மூச்சை இழுத்துக்கொண்டு, தெளிவாக, ஒரு பெண்பிள்ளையின் குரலில், "தடை இருக்கு! அந்த மனுசனுக்குக் கொழும்புல பொண்டாட்டி இருக்கு, பிள்ளை இருக்கு!" என்றது.

முதலில் எழுந்தது மாப்பிள்ளையின் தாய்மாமன்.

"ஏ மாப்பிள, நீ எப்பவே கொழும்புக்குப் போனே?"

"மாமா, நான் குளத்துல தோணி ஏறினாலே வாந்தி எடுப்பேன்! தூத்துக்குடி தாண்டினதில்ல!"

"அப்ப கோயில் ஆர்கன் பொய் சொல்லுதுங்கியா?"

மாப்பிள்ளை வீட்டார் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். காது மந்தமான ஐயருக்குக்கூட அது கேட்டுவிட்டது. தடை என்று சபையில் சொல்லப்பட்டால் பதிய வேண்டும் என்பது முறை. யார் சொன்னது என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்சநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, 'ஆர்கன்' என்று எழுதினார்.

ஊர் அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்கள் கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள்.

"அது யாரு குரல்னு தெரியலையா? ஜெபக்கனி குரல்லா."

"அவ வாயை மூடிட்டுத்தானே உக்காந்திருந்தா?"

"வாய் அவகிட்ட இருக்கு. குரல் அங்க இருக்கு. இதுல என்னத்தப் புரியல உனக்கு?"

சபைக் கமிட்டி கூடி, ஆர்கன் சபை அங்கத்தினரா இல்லையா என்று இரண்டு மணி நேரம் பேசியது. பிரதிஷ்டை செய்யப்பட்ட பொருள், ஒரு ஞாயிறும் தவறாமல் ஆராதனைக்கு வருகிறது, ஆகையால் அங்கத்தினர்தான் என்று தீர்மானமாயிற்று. பெண்குரலில் பேசுவதால் பெண்கள் பக்கத்துக்கு நகர்த்தவேண்டுமா என்று ஒருவர் கேட்டார். பாரம் கருதி அது விடப்பட்டது. மற்ற வீட்டு ஓலைகளுக்கு ஆர்கன் மூச்சு விடவில்லை. பாட்டு வேளையில் ஒழுங்காகப் பாடியது, மழைக்காலத்தில் ஆடு போலக் கனைத்தது. மனாசே வீட்டு ஓலை என்றால் மட்டும்தான் பேசும். அதனால் ஊருக்கு அதில் தொந்தரவு ஒன்றும் இல்லை. கடனுக்குச் சாமான் கேட்கிறவனிடம் கடைக்காரர், "தடை இருக்கு வே," என்பார். பிள்ளைகள் சண்டையில், "போலே, உனக்குக் கொழும்புல பொண்டாட்டி!" என்று கத்திவிட்டு ஓடும்.

மனாசே முதலாளி சும்மா இருக்கவில்லை. குழல் வாய்களில் பனந்தும்பு நாரை அடைத்தார். இரண்டாவது மகள் ஓலையன்று, பேச்சோடு சேர்ந்து தும்பும் பறந்துவந்து பெண்கள் தலையில் விழுந்தது. துருத்தியைக் கழற்றி வண்டிக்கொட்டகையில் போட்டார். துருத்தி இல்லாமல் இன்னும் கனமாகப் பேசியது; பாட்டுக்கு வேண்டுமே என்று அதைத் திரும்ப மாட்டினார்கள். அடுத்த ஊரில் ஓலை வாசிக்கலாமென்றால், இரண்டு சபையிலும் வாசித்தாகவேண்டும் என்பது சட்டம். ஆர்கனையே உடைத்துவிடுவோம் என்று இளைய மகன் கோடரியோடு கிளம்பினான். கோயில்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார்.

"சின்ன மொதலாளி, இப்ப ஒண்ணா இருந்து ஒரு தடவை சொல்லுது. உடைச்சு அறுநூத்துப் பதினோரு துண்டும் தனித்தனியாச் சொல்ல ஆரம்பிச்சா?"

கோடரி திரும்பிப் போயிற்று. எப்பிராயீம் கொழும்புக் கடையை இழுத்து மூடிவிட்டு ஊருக்கு வந்தான். கதரீனாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டாளாம். அவனுக்கு இன்னொரு பெண் பார்த்து ஓலை கொடுத்தார்கள். அன்றைக்கு ஆர்கன் பேசின பேச்சில் கூரை ஓடு பதினாலு சரிந்தது. பெண்வீட்டார் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார்கள்.

இதையெல்லாம் ஜெபக்கனி மடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சலோமிக்கு நரை வந்தது. இரண்டாமவளுக்குப் பல் விழுந்தது. இளையவன் குடிக்கப் பழகினான். மாடிவீட்டுச் சன்னல்களில் கல்யாணமாகாத நாலு முகங்கள் சாயங்காலம் தோறும் தெரிவதை அவள் தண்ணீர்க்குடத்தோடு நின்று எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். அதற்குப் பின் சாப்பிட்ட சாப்பாடு ருசித்தது என்று சொன்னால் பாவம். ருசிக்கத்தான் செய்தது.

பத்தொன்பது வருஷம் போனது. ஐயர் போய்ப் புது ஐயர் வந்தார். இளவயது, காது கூர்மை.

ஒருநாள் உச்சிவெயிலில் கிணற்றடிக்குத் திரிபேனாள் வந்தாள். இருபத்தெட்டு வயது, பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். பக்கத்து ஊர் டிரில் மாஸ்டர் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். ஓலை வாசிக்கத்தான் வழியில்லை.

"யக்கா, எனக்கு அப்ப ஒன்பது வயசு. பெர்சியா அக்கா தலையில பூ வச்சு விட்டேன், அவ்வளவுதான் நான் செஞ்சது."

ஜெபக்கனி கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க அப்பாவைத் திட்டுங்க, அண்ணனைத் திட்டுங்க. எத்தனை வருசந்தான் அது எங்களையே சொல்லிக்கிட்டு இருக்கும்? அது நிக்க என்ன செய்யணும்? சொல்லுங்க."

என்னிடம் கேட்கிறாயா, என் வாயை எடுத்துக்கொண்டு என்னிடமே கேட்கிறாயா என்று ஜெபக்கனிக்கு நெஞ்சு கொதித்தது. வாளியை வைத்தாள். ஈரக்கையால் கிணற்றுச் சுவரில் எழுதினாள்: *ஓலை. திரும்ப வாசிக்கணும்.*

"யாரு ஓலை?"

*பெர்சியாள்.*

"செத்தவளுக்கா!"

*மூணு ஞாயிறு. உங்கப்பன் வாயால.*

எழுத்து வெயிலில் காய்ந்து மறைந்தது. திரிபேனாள் நேரே அப்பாவிடம் போய்ச் சொன்னாள்.

முதலாளி முடியாது என்றார். சபை முன்னால் மூப்பர் தன் வாயால் தன் வீட்டு மானத்தை வாசிப்பதா? திரிபேனாள் அழவில்லை. "சரிப்பா. நான் கிழவியாகி, இந்த வீட்டுலயே உங்க எதிர்ல உக்காந்து, தினம் உங்க முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன்," என்று சொல்லி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அப்படியே உட்கார்ந்தாள். பள்ளிக்கூட நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்த நாற்காலி. அவர் சாப்பிடும்போது பார்த்தாள், வேதம் வாசிக்கும்போது பார்த்தாள். நாலாவது மாதம் அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டு ஐயர் வீட்டுக்கு நடந்தார்.

முதல் ஞாயிறு மனாசே வாசித்தார். "என் மகன் எப்பிராயீமுக்கும் வேதமுத்து மகள் பெர்சியாளுக்கும்..." செத்தவளின் பெயர் கேட்டதும் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஆர்கன் பேசவில்லை. மனாசே வீட்டு ஓலைக்கு அது பேசாமலிருந்தது அன்றுதான் முதல் தடவை. இரண்டாம் ஞாயிறும் பேசவில்லை. ஊருக்கு இதுதான் பயமாக இருந்தது.

மூன்றாம் ஞாயிறு கோயிலில் நிற்க இடமில்லை. எப்பிராயீமை மாப்பிள்ளை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நாற்பத்தாறு வயது, தொப்பை, கையில் வேர்வை துடைக்கத் துண்டு. பக்கத்தில் பெண்ணுக்குப் போட்ட நாற்காலியில் ஜெபக்கனி அந்தத் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தான். ஜெபக்கனி பெட்டியை அவன் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தி வைத்தாள். சற்குணம் வாத்தியார் ஆர்கன் முன்னால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

மனாசே வாசித்து முடித்தார். ஐயர் கேட்டார். "தடை தெரிந்தவர்கள் யாராவது உண்டா?"

எல்லாரும் ஆர்கனைப் பார்த்தார்கள். தோல் நாக்கு திறந்தது. ஒரு பெருமூச்சு வந்தது. அது பெண்கள் பாய்மேல் பிச்சிப்பூ வாசத்தோடு ஊர்ந்து வந்தது. கிணற்றில் விழுந்து வெகுகாலம் கிடந்த வாளி பாதாளக்கரண்டியில் மாட்டிக்கொண்டு, சேறும் தண்ணீருமாக, இடித்து இடித்து மேலே ஏறி வருமே, அப்படி ஜெபக்கனியின் தொண்டைக்குள் ஏதோ ஏறி வந்தது. எழுந்து நின்றாள்.

"தடை இருக்கு!"

ஐம்பது வயசுக்காரி வாயிலிருந்து முப்பத்தொரு வயசுக் குரல். மடியிலிருந்து சீட்டை எடுத்து, குழந்தையின் பெயர், தாயின் பெயர், தகப்பன் பெயர், தேதி, ஒன்றையும் விடாமல், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். பிறகு எப்பிராயீமைப் பார்த்தாள்.

"எங்க, இப்பச் சொல்லு. பொய்யா?"

"இல்ல," என்றான்.

"சபை கேக்கச் சொல்லு. ஐயர் கேக்கிறாரு."

"உண்மைதான்! எல்லாம் உண்மைதான்!" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

ஐயர் பழைய விவாகப் பதிவேட்டை எடுத்து, அந்த வரியின்மேல் கோடு கிழித்தார். 'எப்பிராயீம் மனைவி' என்பது போய், பெர்சியாள் மறுபடி வேதமுத்து மகளானாள். ஜெபக்கனி தகரப் பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், தங்கச்சியைத் தூக்கியது போலவே. வாசலில் மனாசே நின்றார்.

"போதுமா அம்மா?"

"இன்னும் ஒரு ஓலை இருக்கே, மொதலாளி," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அடுத்த மாதம் திரிபேனாளுக்கு மூன்றாம் ஓலை. ஐயர் கேட்டார். ஆர்கன் வெறும் மரமும் ஈயமுமாக நின்றது. ஊர் மூச்சுவிடப் போகும் நேரத்தில் ஜெபக்கனி எழுந்து நின்றாள். இப்போது குரல் அவளிடம் இருக்கிறது. டிரில் மாஸ்டரின் முகம் வெளுத்தது. திரிபேனாள் கண்ணை மூடினாள். ஜெபக்கனி ஒன்றும் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சற்குணம் வாத்தியாருக்குத்தான் முதலில் புரிந்தது. அவளோடு சேர்ந்து அவரும் மனதுக்குள் எண்ணினார். பத்து. இருபது. மனாசே முதலாளியின் கைத்தடி கீழே விழுந்து உருண்டது. இருபத்தெட்டில் அவர் எழுந்தார். ஆண்கள் காலடி படாத பெண்கள் பாயை மிதித்து வந்து, எண்பது வயசு முழங்காலை மடக்கி, அவள் முன்னால் விழுந்தார். "தாயே, சொல்லிரு. என் பிள்ளையை விட்டிரு." முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. அவள் அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே எண்ணினாள். ஒரு எண்ணைக்கூட விடவில்லை, ஒன்றைக்கூட வேகமாகச் சொல்லவில்லை. முப்பத்தொன்பது. நாற்பது.

"தடை இல்ல ஐயரே," என்றாள். "எழுதிக்கிடுங்க."

அப்புறம் குனிந்து கைத்தடியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

திரிபேனாள் கல்யாணத்துக்கு அவள்தான் துருத்தி அடித்தாளாம். ஆடு கனைக்கவில்லையாம். கிருபைவிளையில் இன்றைக்கும் ஓலை வாசித்தால், தடை உண்டா என்று கேட்டபின் ஐயர் நாற்பது எண்ணித்தான் அடுத்த வரிக்குப் போவார். வெளியூர்க்காரர்கள் சாப்பாடு ஆறுகிறது என்று முணுமுணுப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் தட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள், அங்கே யாராவது வாயைத் திறக்கிறார்களா என்று.

எங்கள் கோயிலில் ஆர்கன் இல்லை. பதினெட்டு ஃபேன் ஓடுகிறது, எல்லாம் சத்தம். உங்கள் கோயிலிலும் அப்படித்தான் இருக்கும். அடுத்த தடவை ஓலை வாசித்து அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, கொஞ்சம் எழுந்துபோய் ஃபேன்களை நிறுத்திவிடுங்கள்.